தேர் தினமும் வந்தா தேங்காய் யார் உடைப்பா?

வா தம்பி, உக்காரு. பசியாறியாச்சா? இன்னும் இல்லையா? அதான் மூஞ்சி வாடிப்போயிருக்கு. ஏம்ப்பா, இங்க ஒரு கோப்பி-ஓ கொண்டா. சீனி கொறைச்சு.

மடியில என்ன அது? கடைக் கணக்கா? இல்லையா? "கன்டென்ட் காலண்டரா"? எனக்குத் தெரிஞ்சு காலண்டர்னா ஆணியில தொங்கும். மேல முருகன் சிரிச்சுக்கிட்டு இருப்பாரு. கிழிச்ச தாள்ல கற்பூரம் மடிக்கலாம். உன் காலண்டர் பேட்டரி தீர்ந்தா செத்துப்போகும் போலருக்கே.

சரி, காட்டு பாப்போம். அடேங்கப்பா! நீலம், ஊதா, சிவப்பு, பச்சை. தீபாவளிக்குக் கடைவாசல்ல போடற கோலமெல்லாம் தோத்துப்போகும். நீலம் பேஸ்புக்கா? ஊதா இன்ஸ்டாகிராம். சிவப்பு டிக்டாக். பச்சை வாட்ஸ்அப். ஒவ்வொண்ணுலயும் காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. நல்லது. டாக்டர் மாத்திரை எழுதிக் குடுத்த மாதிரியே இருக்கு. சாப்பாட்டுக்கு முன்னயா, பின்னயா?

எனக்கு இங்கிலீஷ் அரைகுறை. கணக்கு முழுசா வரும். 4 இடம், நாளைக்கு 3 தடவை. ஆக 12. வாரத்துக்கு 84. முப்பது நாளைக்கு 360. உன் மசாலாக் கடையில மொத்தம் எத்தனை சாமான் இருக்கும்? சீரகத்துலேருந்து சாம்பிராணி வரைக்கும் எண்ணினா ஒரு நூத்தம்பது தேறுமா? அப்போ ஒவ்வொரு சாமானும் மாசத்துக்கு ரெண்டு தடவைக்கு மேல நடிச்சாகணும். கசகசாவுக்கு அவ்வளவு கால்ஷீட் இருக்கா தம்பி?

யார் சொன்னது இப்படி? ஓட்டல் மண்டபத்துல ஒருநாள் வகுப்பா? கோட்டு போட்ட ஆளா? "விடாமப் போட்டுக்கிட்டே இருக்கணும், அடிமேல் அடி வெச்சா அம்மியும் நகரும்"னு பழமொழி வேற சொன்னாரா? பழமொழி சரிதான். ஆனா அடிமேல் அடி எங்க விழணும்? ஒரே அம்மி மேல விழணும். நீ 84 இடத்துல ஒவ்வொரு அடி அடிச்சா எந்த அம்மி நகரும்? உன் கைதான் வீங்கும்.

போன வாரம் நடந்ததைச் சொல்லட்டா? நான் எதிர்த்தாப்புல அஞ்சடியில உக்காந்துதான் பாத்துக்கிட்டு இருந்தேன். ஒரு மலாய்க்காரம்மா உன் கடை வாசல்ல வந்து நின்னாங்க. கையில பை, பையில கோழி. கறிக்கு ஏதோ சாமான் கேட்டாங்க. நீ என்ன பண்ணின? மூணு கால் குச்சியில போனை மாட்டி, மஞ்சத்தூளை மேலேருந்து கொட்டிப் படம் பிடிச்சுக்கிட்டு இருந்த. "ஒரு நிமிசம் மாக்சிக்"னு கையைக் காட்டின. அந்தம்மா மூணு நிமிசம் நின்னாங்க. அப்புறம் நாலு கடை தள்ளிப் போயிட்டாங்க. உன் படத்துல மஞ்சத்தூள் மெதுவா விழுந்துச்சு. வியாபாரம் வேகமா விழுந்துச்சு.

கோவிச்சுக்காதே. போனே வேண்டாம்னு சொல்ற கெழவன் இல்ல நான். காசு வாங்க கியூஆர் அட்டை மாட்டினியே, அது நல்ல காரியம். என் பேத்தி ஆஸ்திரேலியாவுல இருக்கா. நாங்க ரெண்டு பேரும் முகம் பாத்துப் பேசறது போன்லதான். நான் சொல்றது வேற.

நாசி கண்டார் சாப்பிடறியே, அந்தக் கண்டார்னா என்னன்னு தெரியுமா? தோள்ல வெச்சுத் தூக்கற கம்பு. அந்தக் காலத்துல நம்ம தமிழ் முஸ்லிம் ஆளுங்க அந்தக் கம்போட ஒரு பக்கம் சோத்துப் பானை, இன்னொரு பக்கம் கறிச் சட்டி தொங்கவிட்டுத் துறைமுகத்துக் கூலியாளுங்களுக்கு வித்தாங்க. கம்பைத் தூக்கறவனுக்கு முதல் பாடம் என்ன? ரெண்டு பக்கமும் எடை ஒத்து வரணும். ஒரு பக்கம் கனத்தா கம்பு சாயும். சோறும் போச்சு, கறியும் போச்சு. உன் தோள்ல ஒரு பக்கம் கடை, ஒரு பக்கம் போன். இப்ப எந்தப் பக்கம் சாயுதுன்னு நீயே சொல்லு.

உடனே நீ அடுத்த பழமொழியை எடுப்ப. "பூக்கடைக்கு விளம்பரம் எதுக்கு தாத்தா"ன்னு. அதுவும் தப்பு. அந்தப் பழமொழியைச் சொன்னவன் ஊர்ல ஒரே ஒரு பூக்கடை இருந்திருக்கும். இங்க பினாங்குல, குவீன் தெரு மாரியம்மன் கோயில்லேருந்து ஒரு நடை நடந்து பாரு. எத்தனை பூக்கடை! எல்லாக் கடையிலயும் மல்லிகை ஒரே மாதிரிதான் மணக்குது. அப்போ ஆள் எந்தக் கடையில நிக்கிறான்? "வாங்கக்கா, இன்னிக்கு மொட்டு நல்லா வந்திருக்கு"ன்னு சொல்ற கடையில நிக்கிறான். விளம்பரம் வேணும். ஆனா பூக்காரம்மா என்னைக்காவது நாளைக்கு 12 தடவை, நாலு தெரு முனையில நின்னு கத்தியிருக்கா? ஆள் வரும்போது சொல்றா. அன்னிக்கு இருக்கறதைச் சொல்றா. சொல்லிட்டுப் பூ கட்டப் போயிடறா.

இன்னொண்ணு ஞாபகப்படுத்தறேன். 2020, மார்ச் 18. நாடே கதவைச் சாத்தின நாள். பி.கே.பி.ன்னு சொன்னாங்களே, அந்த நடமாட்டக் கட்டுப்பாடு. இந்தக் கடைத்தெரு வெறிச்சோடிக் கெடந்ததை நான் என் ஆயுசுல அப்பத்தான் பாத்தேன். பாட்டு போட்டு அலறற கடைகூட வாயை மூடிக்கிச்சு. அப்போ உன் அப்பா என்ன பண்ணினாரு? உனக்கு ஞாபகம் இருக்கணும். வாட்ஸ்அப்ல மூணே மூணு வரி. கடை இத்தனை மணியிலேருந்து இத்தனை மணி வரைக்கும். மல்லி, மிளகாய், பருப்பு இருக்கு. பக்கத்து வீடமைப்புப் பகுதிக்குக் கொண்டாந்து குடுக்கறோம். அவ்வளவுதான். படம் மங்கல். எழுத்துப் பிழை வேற. பருப்புக்குப் "ப்" போடலை. ஆனா போன் நின்னுச்சா? ராத்திரியெல்லாம் மணி அடிச்சுது.

ஏன்? ஜனங்க கடைக்காரன்கிட்டக் கேக்கறது எப்பவும் மூணே கேள்விதான். கடை திறந்திருக்கா? நான் தேடற சாமான் இருக்கா? எப்படி வாங்கிக்கறது? கொள்ளை நோய்க் காலத்துலயும் அதே கேள்வி. கல்யாண காலத்துலயும் அதே கேள்வி. உன் வண்ணக் காலண்டர்ல இந்த மூணுக்கும் பதில் எங்க இருக்கு? காட்டு. "திங்கட்கிழமை உற்சாகப் பொன்மொழி." இது எதுக்கு? மசாலா வாங்க வர்றவனுக்கு நீ வாழ்க்கையில எப்படி ஜெயிக்கறதுன்னு சொல்லிக் குடுக்கணுமா? நீயே இன்னும் ஜெயிக்கலையே அப்பா. "புதன்கிழமை டிரெண்டிங் நடனம்." யாரு ஆடறது, நீயா? பெருங்காய டப்பாவைக் கையில வெச்சுக்கிட்டா? உன் ஆத்தா பாத்தாங்களா இதை? "வெள்ளிக்கிழமை எங்கள் பயணம்." எந்தப் பயணம்? ஆயர் ஈத்தாம்லேருந்து பஸ்ஸுல வர்றியே, அதுவா?

இப்ப விசயத்துக்கு வர்றேன். தைப்பூசத்துக்கு முதல் நாள் விடியறதுக்கு முந்தி எங்க நிப்ப? பினாங்குத் தெருவுல செட்டியார்களோட கோயில் வீட்டு வாசல்ல நிப்ப. வெள்ளித் தேர் வெளிய வரும். 2017லேருந்து தங்கத் தேரும் சேர்ந்துக்கிச்சு. தண்ணிமலைக்குப் போற வழியெல்லாம் தேங்காய் குமிஞ்சு கெடக்கும். நம்ம ஆளுங்க மட்டுமா உடைக்கிறாங்க? சீனர்கள் குடும்பத்தோட வந்து, மூட்டை மூட்டையா இறக்கி உடைக்கிறாங்க. தேர் வரும் வரும்னு நடுராத்திரி வரைக்கும் கொழந்தையைத் தோள்ல போட்டுக்கிட்டு நிக்கிறாங்க. ஏன் நிக்கிறாங்க? தைப்பூசத் தேர் வருசத்துக்கு ஒரு தடவைதான் வரும். அதே தேர் காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, ராத்திரி ஒண்ணுன்னு இந்தத் தெருவுல போய்க்கிட்டே இருந்தா என்ன ஆகும்? "மறுபடியும் தேரா? காடியை எடுக்க முடியலையே"ன்னு ஹாரன் அடிப்பான். தேங்காய் யார் உடைப்பா?

சாமிக்கே அப்படின்னா, உன் சீரகப் பொட்டலத்துக்கு எப்படி?

சரி, கெழவன் கேலி மட்டும் பண்ணிட்டு எழுந்து போயிட்டான்னு நீ சொல்லக் கூடாது. வழியும் சொல்றேன். இந்தத் தெருவுல கல்லாவுல உக்காந்து தேய்ஞ்ச உடம்பு இது.

முதல்ல அகலக் கால் வெக்காதே. உன் கடைக்கு வர்றது ரெண்டு ஜாதி ஆள். ஒண்ணு, வாடிக்கை. பட்டர்வொர்த்துலேருந்து பெர்ரி ஏறி வந்து உன் அப்பா பேரைச் சொல்லி மசாலா அரைச்சு வாங்கிட்டுப் போறவங்க. இன்னொண்ணு, ஊர் சுத்த வர்றவங்க. 2008ல யுனெஸ்கோ நம்ம ஜார்ஜ்டவுனைப் பட்டியல்ல சேத்ததுலேருந்து கழுத்துல கேமராவோட வர்றாங்களே, அவங்க. வாடிக்கைக்காரனுக்கு வாட்ஸ்அப் போதும். ஊர் சுத்தறவன் முதல்ல பாக்கறது கூகுள் வரைபடம். அதுல உன் கடை நேரம் சரியா இருக்கா? நேத்து என் பேரன் பாத்துச் சொன்னான். காலையில 9 மணிக்குத் திறப்பன்னு போட்டிருக்கு. நீ திறக்கறது பத்தரைக்கு. 84 பதிவு போட நேரம் இருக்கு, அந்த ஒரு எண்ணை மாத்த நேரம் இல்லையா? வெயில்ல வந்து சாத்தின கதவைப் பாத்துட்டுப் போனவன் திரும்பி வருவானா?

அப்புறம் ஊருக்குத் தெரிய ஒரு பக்கம் வெச்சுக்க. பேஸ்புக்கோ இன்ஸ்டாகிராமோ. ரெண்டுக்கும் ஒரே முதலாளிதான். மெட்டா பிசினஸ் சூட்னு ஒண்ணை அவனே இலவசமாத் தர்றானாம். ஒரு படத்தை ரெண்டு இடத்துக்கும் ஒரே தட்டுல அனுப்பலாம், முன்கூட்டியே நாளும் நேரமும் குறிச்சு வெக்கலாம்னு பேரன் சொன்னான். இலவசமாக் கிடைக்கற வேலைக்காரனை விட்டுட்டு நீ ஏன் ராத்திரி 11 மணிக்குக் கண்ணைக் கசக்கிக்கிட்டு உக்காந்திருக்க?

டிக்டாக்கா? உனக்கு ஆசை இருந்தா ஆடு. கடை மூடின பிறகு ஆடு.

அடுத்தது நாள் குறிக்கறது. வாரத்துக்கு மூணு போதும். செவ்வாய்க்கிழமை, புதுசா வந்த சாமான் என்னன்னு ஒண்ணு. வியாழக்கிழமை ஒண்ணு. ஏன் வியாழன்? மறுநாள் வெள்ளி. வீட்டுல பூசை, மரக்கறிச் சமையல். கற்பூரமும் பருப்பும் சாம்பார்த்தூளும் வியாழக்கிழமை சாயங்காலம்தான் ஞாபகம் வரும். சனிக்கிழமை காலையில ஒண்ணு. ஞாயித்துக்கிழமை ஆட்டிறைச்சி எடுக்கறவன் சனிக்கிழமையே மசாலாவை யோசிப்பான். பசிக்கறதுக்கு முன்னாடி இலை போடணும் தம்பி. கை கழுவினவனுக்கு இலை போட்டா என்ன புண்ணியம்?

அந்தத் தப்பை நானே பண்ணியிருக்கேன். கல்யாணமான புதுசு. தீபாவளிக்கு 2,000 நோட்டீஸ் அடிச்சேன். ரெண்டு கலர், மயில் படம், "அனைவருக்கும் இனிய தீபாவளி நல்வாழ்த்துகள்". அழகு பாத்துக்கிட்டே இருந்து, தீபாவளிக்கு முதல் நாள் சாயங்காலம்தான் குடுக்க ஆரம்பிச்சேன். வாங்கினவங்க எல்லாம் சிரிச்சாங்க. முறுக்கு மாவு வாங்கியாச்சு, எண்ணெய் வாங்கியாச்சு. வீட்டுல அடுப்பு எரியுது. யாரு வருவா? மிச்சம் 1,800 நோட்டீஸ். ரெண்டு வருசம் அதுலதான் சீரகம் மடிச்சுக் குடுத்தேன். ஆடி மாசத்துலயும் என் கடையில சீரகம் வாங்கினா தீபாவளி வாழ்த்து கிடைக்கும்.

அதனால சுவத்துல இருக்கற காலண்டரை எடு. அதுதான் உன் கன்டென்ட் காலண்டர். யாரோ ஏற்கெனவே உக்காந்து போட்டு வெச்சிருக்கான், காசும் கேக்கலை. 2026-ஐயே எடுத்துக்க. தைப்பூசம் பிப்ரவரி 1. சீனப் பெருநாள் பிப்ரவரி 17. அதே வாரத்துல நோன்பு தொடங்குது. மார்ச்ல ஹரிராயா. தீபாவளி நவம்பர் 8. நடுவுல சித்திரை, ஆடி, நவராத்திரி. பென்சிலை எடு. ஒவ்வொண்ணுக்கும் 15 நாள் முன்னாடி ஒரு வட்டம் போடு. அன்னிக்கு, என்ன சாமான் வந்திருக்குன்னு சொல்லு. 3 நாள் முன்னாடி இன்னொரு வட்டம். அன்னிக்கு, கடை எத்தனை மணி வரைக்கும், எந்த நாள் லீவுன்னு சொல்லு. பெருநாள் அன்னிக்கு ஒண்ணும் சொல்லாதே. கடையைச் சாத்திட்டுக் கோயிலுக்குப் போ. உன் வாழ்த்துக்காக யாரும் எண்ணெய்க் குளியலை நிறுத்தி வெச்சுக் காத்துக்கிட்டு இல்லை.

நோன்பு வருசா வருசம் ஒரு 11 நாள் முன்னாடி நகரும். அதை மட்டும் ஒவ்வொரு வருசமும் புதுசாப் பாத்துக்க. நோன்பு மாசத்துல நம்ம மசாலாவுக்கு இருக்கற கிராக்கி உனக்குத் தெரியாதா? கண்டாரும் வேணும், ரெண்டாங்கும் வேணும். போன வருசக் காலண்டரைப் பாத்து இந்த வருசம் பதிவு போட்டவன் கல்யாணம் முடிஞ்சு பந்தலுக்குப் போனவன்.

எதை எங்க போடறதுன்னு ஒரு குழப்பம் இருக்கும். அதுக்கும் இந்தத் தெருவுலயே பாடம் இருக்கு. பூக்கடை, பித்தளைக் கடை ரெண்டையும் பாரு. பூ இன்னிக்கு மணக்கும், நாளைக்கு வாடும். பித்தளை பத்து வருசம் கழிச்சும் தேச்சா மின்னும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்துல மறைஞ்சுபோகும். இன்ஸ்டாகிராம் ஸ்டோரியும் அப்படித்தான். அதுல பூவைப் போடு. "கறிவேப்பிலை இப்பத்தான் இறங்குச்சு", "இன்னிக்கு மல்லி வறுக்கறோம்." பக்கத்துல பித்தளையைப் போடு. மீன் கறி மசாலாவுல என்னென்ன சேரும், அரைச்ச மசாலாவை எப்படிப் பத்திரப்படுத்தறது. ஆறு மாசம் கழிச்சு ஒருத்தன் தேடி வந்தாலும் உதவணும். நீ என்ன பண்ற? பூவுக்குப் பாலீஷ் போடற. பித்தளையைத் தண்ணியில நட்டு வெக்கற.

நல்ல பித்தளை வேணுமா? அன்னிக்குத் திரும்பிப் போனாங்களே ஒரு அம்மா, அவங்க கேட்டது என்ன? ஜிந்தான். எந்த ஜிந்தான்? ஜிந்தான் பூத்தேன்னா சீரகம். ஜிந்தான் மானிஸ்னா சோம்பு. பாக்கறதுக்கு ரெண்டும் அக்கா தங்கச்சி மாதிரி இருக்கும். குழம்புல மாத்திப் போட்டா மாமியார் மருமகள். ஒரு வெள்ளைத் தட்டுல இதையும் அதையும் பக்கத்துல பக்கத்துல வை. கீழ பேரு எழுது. தமிழ்ல ஒண்ணு, மலாய்ல ஒண்ணு. மல்லிக்குக் கெத்தும்பார், மஞ்சளுக்குக் குன்யித், வெந்தயத்துக்கு ஹல்பா. இந்த ஊர்ல ஆள் எந்தப் பேர்ல தேடறானோ அந்தப் பேர்ல எழுது. அதுக்கு இசை வேண்டாம், நடனம் வேண்டாம். இருபது ஹேஷ்டேக்கும் வேண்டாம். ஆட்டுக்கு வால் அளந்து வெச்சிருக்கான் ஆண்டவன். நீ ஆட்டுக்குட்டிக்கு மயில் தோகை கட்டி விடற.

படம் எப்ப எடுக்கறது? அதுக்கும் ஒரு நேரம் இருக்கு. மத்தியானம் 3 மணிக்கு இந்தத் தெருவுல காக்காகூடக் கொட்டாவி விடும். வாரத்துல ஒருநாள் அந்த ஒரு மணி நேரத்தை எடுத்துக்க. வாசல் வெளிச்சத்துல பத்துப் படம் எடு. நாலஞ்சு நல்லா வரும். ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு வரி எழுது. நாள் குறிச்சு வெச்சுடு. போனைக் கல்லாவுக்குக் கீழ போடு. அதுக்கப்புறம் வாரம் பூரா நீ கடைக்காரன். படக்காரன் இல்லை.

நடுவுல ஆள் வந்தா? படத்தை விடு, ஆளைப் பாரு. இதையும் நான்தான் சொல்லணுமா?

கடைசியா, கணக்கு. உன் காலண்டர்ல ஒரு பத்தி இருக்கே, "ரீச், லைக், எங்கேஜ்மென்ட்". எங்கேஜ்மென்ட்னா எங்க காலத்துல நிச்சயதார்த்தம். தாம்பூலம் மாத்திக்குவாங்க, ஒரு மோதிரமாவது மிஞ்சும். உன் எங்கேஜ்மென்ட்ல என்ன மிஞ்சுச்சு? ஆயிரம் லைக்கைக் கொண்டுபோய்க் கரண்டு பில்லு கட்ட முடியுமா? ஒரு பழைய நோட்டுப் புத்தகம் எடு. கல்லா பக்கத்துல வை. புதுசா வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் ஒரே கேள்வி கேளு. "எப்படித் தெரிஞ்சு வந்தீங்க?" வாட்ஸ்அப்னா ஒரு கோடு. வரைபடம்னா ஒரு கோடு. பக்கத்து வீட்டக்கா சொன்னாங்கன்னா ஒரு கோடு. நாலு கோடு, குறுக்க ஒண்ணு. மாசக் கடைசியில எண்ணு. எந்த வரிசை நீளமோ அதுக்கு உழைப்பைப் போடு. எந்த வரிசையில கோடே விழலையோ அதை விட்டுடு. "பக்கத்து வீட்டக்கா" வரிசை நீளமா இருந்தா என்ன பண்றது? அந்த அக்காவுக்குத் தீபாவளிக்கு ஒரு டப்பா முறுக்கு குடு. அவதான் உன் விளம்பர மேலாளர்.

அதே நோட்டுல வாடிக்கைக்காரங்க போன் நம்பரையும் கேட்டு எழுதி வை. ஏன்னு கேளு. 2021, அக்டோபர் 4. பேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூணும் உலகம் பூரா ஒரேயடியாப் படுத்துக்கிச்சு. ஏறக்குறைய 6 மணி நேரம். மூணும் ஒரே வீட்டுப் புள்ளைங்கதானே? ஒருத்தனுக்குக் காய்ச்சல்னா மூணு பேரும் படுப்பாங்க. உலகமே அலறுச்சாம். நம்ம பினாங்குல அப்போ ராத்திரி மணி பன்னெண்டு ஆகப் போகுது. நான் குறட்டை விட்டுக்கிட்டு இருந்தேன். விடியற நேரத்துக்குத் திரும்பி வந்திடுச்சு. எழுந்து பல்லு விளக்கிட்டுத்தான் விசயமே தெரியும். நம்ம அதிர்ஷ்டம், அது ராத்திரி. தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை மத்தியானம் நடந்திருந்தா? வாடகை வீட்டுல குடியிருக்கலாம் தம்பி. நகையை அந்த வீட்டுச் சுவத்துல புதைக்கக் கூடாது.

இன்னும் முகம் தெளியலையே? "மூணே மூணு போட்டா ஜனங்க மறந்துடுவாங்க தாத்தா"ன்னு நெனைக்கிற. ஆர்மேனியன் தெருவுக்குப் போயிருக்கியா? சைக்கிள்ல ஒரு அக்காவும் தம்பியும் போற மாதிரி சுவத்துல ஓவியம் இருக்கே. எர்னஸ்ட் சகாரெவிச்னு லித்துவேனியாக்காரர் 2012ல வரைஞ்சது. நிஜ சைக்கிளைச் சுவத்தோட பொருத்தி வெச்சாரு. வெயில்லயும் மழையிலயும் நிறம் மங்கிப்போச்சு. ஆனா இன்னிக்கும் அங்க வரிசையில நின்னு படம் எடுக்கறாங்க. எடுத்த படத்தை அவங்களே ஊர் பூரா அனுப்பறாங்க. ஒரு சுவரு. ஒரு நல்ல வேலை. மத்ததை ஊரே பாத்துக்கிச்சு.

உன் கடையில அப்படி ஒரு சுவரு இல்லையா? இருக்கு. உன் அப்பா காலத்துக் கல்லு மிசின். அது ஓடும்போது கெளம்பற மல்லி வாசம் தெரு முனை வரைக்கும் வருதே, அதை எந்தப் போன்லயும் அனுப்ப முடியாது. அதைச் செவ்வாய்க்கிழமை காலையில ஓட விடு. வாசம் பிடிச்சு வர்றவன் படம் எடுப்பான். அவன் போடுவான் உன் பதிவை. சம்பளம் இல்லாம.

ஆக மொத்தம் என்ன சொன்னேன்? வாரத்துக்கு மூணு. பெருநாளுக்கு ரெண்டு. வரைபடத்துல சரியான நேரம். ஒரு நோட்டுப் புத்தகம். சிகரெட்டு அட்டையில எழுதினாலும் இடம் மிஞ்சும். இதுக்குப் போய் ஒருநாள் வகுப்பு, மத்தியானம் பப்பே சாப்பாடு! எவ்வளவு குடுத்த? சொல்லாதே, வேண்டாம். எனக்கு ரத்தக் கொதிப்பு இருக்கு.

கோப்பியைக் குடி. ஆறுது. அந்தா பாரு, உன் கடை வாசல்ல யாரோ நிக்கிறாங்க. கையில பை. அட, அன்னிக்கு வந்த அதே அம்மாதான். நாலு கடை தள்ளிப் போனவங்களுக்குச் சீரகத்துக்குப் பதிலாச் சோம்பைக் குடுத்துட்டான் போலருக்கு. ஓடு. கோப்பிக் காசு நான் குடுத்துக்கறேன்.

மடிக்கணினியா? இங்கயே கெடக்கட்டும். யாரும் தொடமாட்டாங்க. வாரத்துக்கு 84 பதிவு போடற வேலையைத் திருட இந்தத் தெருவுல ஒரு திருடனும் இல்லை.